சொக்லேட் போடாத ஸ்டவுட்டும் மலையகத்து நாக்கும்

முதல்லயே ஒண்ணைச் சொல்லிடுறேன். லயன் ஸ்டவுட்டில் சொக்லேட் கிடையாது. கோப்பியும் கிடையாது. ஆனா அந்தக் கருப்பு பியரைப் பற்றி உலகம் முழுக்க எழுதியிருக்கிறவங்களைப் படிச்சுப் பாருங்க. எல்லாரும் சொல்றது அதே ரெண்டு பேர்தான்: சொக்லேட், கோப்பி. நுவரெலியாவில் பிறந்த ஒரு பியருக்கு இந்த ரெண்டு பேரும் எப்படி ஒட்டிக்கிச்சு என்று தேடப் போனதில் கிடைச்சதுதான் இந்தக் கட்டுரை. பியரைப் பற்றி எழுதலாம் என்றுதான் ஆரம்பிச்சேன். பாதியில் சாராயத்தைப் பற்றியும் எழுத வேண்டியதாப் போச்சு.

பார்லியை ஊறப்போட்டு முளைக்க விட்டு, காய வைச்சு எடுக்கிறதுக்குப் பேர் மோல்ட். பியரின் நிறமும் ருசியும் பெரும்பாலும் அதை எவ்வளவு வறுக்கிறோம் என்பதில்தான் இருக்கு. 1817ல் டேனியல் வீலர் என்ற ஆங்கிலேயர், மோல்ட்டை இரும்பு உருளைக்குள் போட்டுச் சுத்திச் சுத்தி வறுக்கிற முறைக்குக் காப்புரிமை வாங்கினார். கோப்பிக் கொட்டை வறுக்கிற உருளை மாதிரிதான் அதுவும். அதற்குப் பிறகு கொஞ்சம் கருப்பு மோல்ட் போட்டாலே பியர் மை மாதிரி கருத்துப்போகும் என்றாச்சு. லண்டனில் அப்போது ஓடிக்கொண்டிருந்த போர்ட்டர் என்ற கருப்பு பியரில், வீரியம் கூடியதை ஸ்டவுட் போர்ட்டர் என்றார்கள். பின்னால் வால் அறுந்து வெறும் ஸ்டவுட் ஆயிற்று.

சொக்லேட் வாசத்துக்குக் காரணம் ரொம்ப எளிமை. கொக்கோக் கொட்டையையும் வறுத்துத்தான் சொக்லேட் செய்றாங்க. கோப்பியும் வறுத்ததுதான். சீனிச்சத்தும் புரதச்சத்தும் சூட்டில் சேர்ந்து செய்கிற வேலை மூன்றிலும் ஒன்றுதான். 1912ல் மையார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் விளக்கிய இந்த மாற்றத்தை நாம தினமும் வீட்டில் பார்க்கிறோம்: பாணின் கருகின ஓரம், அடிப்பிடிச்ச சோறு, தாளிக்கும்போது சிவக்கிற வெங்காயம். ஒரு வகை வறுத்த மோல்ட்டுக்கு வியாபாரத்தில் 'சொக்லேட் மோல்ட்' என்றே பேர். அதிலும் சொக்லேட் இல்லை!

சரி, நான் எப்படி ருசி பார்த்தேன்? எனக்கு இருபத்திரண்டு வயசு. சட்டப்படி இருபத்தொன்று முடிஞ்சா போதும். ஆனாலும் கடைக்கு நான் போகலை. பெரியப்பா மகன் அண்ணாதான் டவுனில் வாங்கிட்டு வந்தார். ஏன் நான் போகலை என்பதைப் பின்னால் சொல்றேன். மலையில் மார்கழி ராத்திரிக்கு ஃப்ரிட்ஜ் தேவையில்லை, ஜன்னல் ஓரத்தில் வைச்சாலே போதும். உண்மையில் ஸ்டவுட்டை ரொம்பக் குளிர வைக்கவும் கூடாது, வாசம் அடங்கிடும்.

ஊற்றினதும் மேலே வந்த நுரையே வெள்ளை இல்லை, பால் குறைஞ்ச தேத்தண்ணி நிறம். மூக்குக்குக் கிட்ட கொண்டுபோனா எனக்கு முதலில் வந்தது சொக்லேட் இல்லை. கித்துள் பாணியைக் காய்ச்சும்போது சட்டியின் ஓரத்தில் கொஞ்சம் கருகி ஒட்டுமே, அந்த வாசம். வாயில் வைச்சதும் இனிப்பு. அதற்குப் பின்னால் சீனி போடாத கடுங்கோப்பி. விழுங்கின பிறகு நாக்கின் பின்பக்கம் ஒரு கசப்பு நிற்குது. அது சொக்லேட்தான், ஆனா கடையில் இருக்கிற பால் சொக்லேட் இல்லை, கருப்பு சொக்லேட். கடைசியில் நெஞ்சில் ஒரு சூடு. 8.8 வீதம் என்று போத்தலில் போட்டிருக்கு, சாதாரண லாகர் பியரை விடக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. அரைக் கிளாசோடு நான் நிறுத்திட்டேன். ருசி நல்லா இருந்துச்சு, அதை மறைக்க ஒண்ணுமில்லை.

ஆனா அந்த வசனத்தை நம்ம ஊரில் சொல்லிப் பாருங்க. 'ருசி பார்த்தேன்' என்ற வார்த்தை சாப்பாட்டுக்கு இருக்கு, தேத்தண்ணிக்கு இருக்கு. மதுவுக்கு இல்லை. 'குடிச்சான்', 'தண்ணி போட்டான்', அவ்வளவுதான். கம்பசில் வேற ஊர்ப் பிள்ளைகளோடு பேசும்போது, தோட்டத்து ஆட்கள் என்றாலே குடி என்று ஒரு சிரிப்பு வரும். அதே பிள்ளைகள் நுவரெலியாவுக்குச் சுற்றுலா போய், பழைய ஹோட்டலில் கணப்புப் பக்கத்தில் இதே ஸ்டவுட்டோடு படம் போட்டா அது ரசனை. ஒரே மலை, ஒரே போத்தல். ஒருத்தருக்கு ருசி, இன்னொருத்தருக்குப் பழக்கம். இந்தப் பிரிவு நேற்று வந்ததில்லை. அதற்கு ஒரு வரலாறு இருக்கு, அது இந்த பியர் ஆலையை விடப் பழசு.

நுவரெலியாவின் பியர் கதையைச் சாமுவேல் பேக்கரில் இருந்து தொடங்குவதுதான் வழக்கம். பின்னாட்களில் நைல் நதி மூலத்தைத் தேடிப் போய்ப் பெயர் வாங்கினாரே, அவரேதான். 1848ல் தம்பியோடும் ஆங்கிலேய வேலையாட்களோடும் மாடு, குதிரை, வேட்டைநாய், விதை எல்லாம் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்து, நுவரெலியாவில் ஒரு இங்கிலாந்துக் கிராமத்தை நட்டுவைக்கப் பார்த்தார். 1855ல் திரும்பிப் போய்விட்டார். அந்த ஆசை மட்டும் ஊரில் தங்கிவிட்டது. சிலோன் புரூவரி அங்கே 1881ல் வந்தது.

ஏன் அங்கே என்றால் குளிர். பியரைப் புளிக்க வைக்கிற ஈஸ்ட்டுக்கு அதிகச் சூடு ஆகாது. குளிரூட்டும் இயந்திரங்கள் பரவாத காலத்தில் கொழும்பு வெயிலில் நல்ல பியர் காய்ச்சுவது கஷ்டம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், பக்கத்தில் பீதுருதலாகல மலைத் தண்ணீர். பிரித்தானியர் இந்தியாவிலும் இதையேதான் செய்தார்கள்: கசௌலி, முர்ரீ, நீலகிரி, எங்கெல்லாம் மலையேறிக் குளிர் காய்ந்தார்களோ அங்கெல்லாம் ஒரு பியர் ஆலை. (முர்ரீ ஆலையை நடத்திய எட்வர்ட் டயரின் மகன்தான் 1919ல் ஜாலியன்வாலா பாக்கில் சுடச் சொன்ன ரெஜினால்ட் டயர். பியர் வரலாறு படிக்கப் போனா இப்படி எங்கெங்கேயோ இழுத்துட்டுப் போகுது.)

1881 என்ற ஆண்டை மலையகத்து ஆட்கள் கொஞ்சம் நின்று பார்க்கணும். கோப்பி இலைநோய் 1869ல் மடுல்சீமைப் பக்கம் காணப்பட்டது. எண்பதுகளுக்கு வரும்போது கோப்பித் தோட்டங்கள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. துரைமார் சிங்கோனா நட்டார்கள், தாழ்வான மாத்தளை, தும்பறைப் பக்கம் கொக்கோ நட்டார்கள், கடைசியில் தேயிலைக்கு மாறினார்கள். அதாவது இன்றைக்குப் பியர் விமர்சகர்கள் இந்த ஸ்டவுட்டில் தேடுகிற ரெண்டு வாசமும், கோப்பியும் கொக்கோவும், அந்தக் காலத்தில் இதே மலைச்சரிவுகளில் நம்ம ஆட்கள் நட்டு, பிடுங்கி, காயப்போட்ட பயிர்கள். தற்செயல்தான், அதுக்கு மேல் இதில் அர்த்தம் தேடலை. ஆனா தெரிஞ்ச பிறகு அந்த வாசத்தை வேற மாதிரி முகர முடியல.

பார்லி இங்கே விளையலை, மோல்ட்டும் ஹொப்ஸ் பூவும் கப்பலில் வரணும். 1881ல் ரயில் நாவலப்பிட்டி வரைக்கும்தான். ஹட்டனுக்கு 1884லும் நானுஓயாவுக்கு 1885லும்தான் வந்தது. அதுவரைக்கும் மிச்சத் தூரம் மாட்டுவண்டி. ஒரு கிளாஸ் பியருக்காகப் பார்லி இப்படிக் கப்பலும் ரயிலும் வண்டியும் ஏறி வந்தது. கோப்பிக் காலத்தில் ஆட்கள் வந்த பாதையை இதோடு வைச்சுப் பாருங்க. தோணியில் மன்னார்ப் பக்கம் இறங்கி, காடு வழியா மாத்தளை வரைக்கும் நடை. வழியில் காய்ச்சலிலும் கழிச்சலிலும் செத்தவங்களுக்குக் கணக்கு எழுதி முடியாது.

அந்த பியர் யாருக்காக என்பதில் சந்தேகமே இல்லை. நுவரெலியா ஹில் கிளப் 1876ல் தொடங்கியது. உள்ளூர்க்காரர் உறுப்பினர் ஆவதைச் சுதந்திரத்துக்குப் பிறகும் பல வருஷம் நினைத்துப் பார்க்க முடியாது. லயத்தில் இருந்த ஆளுக்கு பியர் எட்டாத விலை. அவருக்கென்று வேறு ஒன்று ஏற்பாடாகியிருந்தது.

அதுதான் சாராயம். தென்னங்கள்ளை வடிச்சுச் செய்த சாராயம் மேற்குக் கரையிலிருந்து மலைக்கு ஏறியது. அதை விற்கிற உரிமையைக் காலனி அரசாங்கம் பகுதி பகுதியாக ஏலம் விட்டது. ஏலம் எடுத்தவர் அரசாங்கத்துக்குப் பேசின பணத்தைக் கட்டிவிட்டு, தவறணைகளில் எவ்வளவு விற்க முடியுமோ அவ்வளவு விற்று லாபம் பார்க்கலாம். அரசாங்கத்துக்கு அது பெரிய வருமானம். ஏலக்காரருக்கு அதைவிடப் பெரிய வருமானம். ஆகவே தவறணை எங்கே வரும்? கூலி கிடைக்கிற ஆட்கள் கூட்டமாக இருக்கிற இடத்தில்தான்.

இலங்கையின் உள்ளூர் முதலாளி வர்க்கம் எப்படி உருவானது என்று குமாரி ஜயவர்த்தன ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார். 2000ல் வந்தது. அந்த வர்க்கத்தின் ஆரம்ப மூலதனத்தில் சாராயக் குத்தகைக்கு முக்கியமான பங்கு உண்டு என்பதுதான் அவர் அதில் வைக்கிற வாதம். ஜெரோனிஸ் சொய்சாவின் குடும்பம் அதற்கு ஒரு உதாரணம். சாராயக் குத்தகையும் கோப்பித் தோட்டமும் ரெண்டும் கையில் இருந்த வீடு அது. கூலியாகக் கொடுத்த காசு தவறணை வழியாக மேலே திரும்பிப் போனது என்று சுருக்கமாகச் சொல்லலாம். இந்தப் புத்தகத்தைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வந்தது கணக்கைப் பார்த்தில்லை. நூற்றைம்பது வருஷமா 'தோட்டக்காட்டான் குடிகாரன்' என்று கேட்டுக்கொண்டே இருக்கோம், அந்தக் குடியில் யார் வீடு கட்டினார்கள் என்று யாரும் கேட்டதில்லை என்பதைப் பார்த்துத்தான்.

1904லும் 1912லும் இலங்கையில் மதுவிலக்கு இயக்கம் பெரிசா எழுந்தது. 1912ல் புதிய மதுவரி முறையில் கள்ளுத் தவறணைகளைத் தனியாகத் திறந்துவிட்டதுதான் ரெண்டாவது அலைக்குக் காரணம். சிங்கள பௌத்த அரசியல் தலைவர்கள் பலர் அந்த மேடைகளில்தான் வளர்ந்தார்கள். அவர்களில் சிலர் சாராயக் குத்தகையில் பணம் பார்த்த குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் என்பது வரலாற்றின் நக்கல். தோட்டத்து ஆட்கள் அந்த மேடைகளில் பெரும்பாலும் கிடையாது.

இங்கே ஒரு விஷயத்தை ஒளிக்காமல் எழுதணும். 'குடி என்பது வெள்ளைக்காரன் திணிச்சது' என்று சொல்லிட்டுக் கையைக் கழுவிட முடியாது. லயத்தில் வளர்ந்தவங்களுக்குத் தெரியும், சம்பள நாள் ராத்திரி எந்தக் காம்பராவில் சத்தம் வரும் என்று. நான் சத்தம் கேட்டு வளர்ந்தவள். பல தோட்டங்களில் நீண்ட காலம் ஒரு வழக்கம் இருந்தது: கொழுந்து எடுக்கிறது பொம்பளை, அவளோட சம்பளத்தைக் கைநீட்டி வாங்குறது புருஷனோ அப்பாவோ. அவள் மலையில் நிற்கும்போதே காசு தவறணைக்குப் போய்ச் சேர்ந்துடும். சாராயக் குத்தகைக்காரரின் கணக்கில் போன காசில் பெரும்பங்கு கூடையில் இருந்து வந்தது. 'தொழிலாளி குடிச்சான்' என்று எழுதுகிற வரலாறு அந்தக் கூடையைச் சொல்றதில்லை.

என் அப்பாயி முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவங்க. அன்றைக்கு அந்த ஸ்டவுட் கிளாசை அவங்ககிட்டயும் நீட்டினேன். குடிக்க மாட்டாங்க என்று தெரியும், முகர்ந்தாவது சொல்லட்டும் என்று. மூக்குக்கிட்ட வைச்சு, "இது நல்ல வாசமாத்தான் இருக்கு. ஒங்க தாத்தா குடிச்சது மூக்க அறுக்கும்" என்றாங்க. அடுத்த கேள்வி, "எவ்வளவு?" விலையைச் சொன்னதும் மனசுக்குள் கணக்குப் போட்டு, "அரைப் பேருக்குக் கிட்ட வருதே" என்றாங்க. 2024 செப்டெம்பரில்தான் அடிப்படை நாள் சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. அதற்கு முன்னால் 1,000 ரூபாய்க்காக எத்தனை வருஷம் கொடி பிடிச்சோம் என்று உங்களுக்கே தெரியும், அது 2021ல்தான் கிடைச்சது. அந்தச் சம்பளத்தில் நின்று பார்த்தா, வீரியம் கூடின பியரும் அதைவிட மலிவான கசிப்பும் ஏன் ஓடுது என்று புரியும். கொடுக்கிற காசுக்கு எவ்வளவு ஏறும் என்பதுதான் அங்கே கேள்வி. கித்துள் பாணி வாசத்தைத் தேட நேரம் வேணும், வயிறும் நிறைஞ்சிருக்கணும்.

நம்ம ஸ்டவுட்டை உலகத்துக்குச் சொன்னது மைக்கல் ஜாக்சன். பாடகர் இல்லை! பியரைப் பற்றி எழுதியே பேர் வாங்கின ஆங்கிலேயர், 1942ல் பிறந்து 2007ல் இறந்தார். 1977ல் வந்த அவருடைய உலக பியர் வழிகாட்டிதான், பியரையும் வைன் மாதிரி ஊர் ஊராக, வகை வகையாகப் பிரிச்சு எழுதலாம் என்று காட்டிய புத்தகம். அவர் லயன் ஸ்டவுட்டை ரொம்ப ரசித்து எழுதினார், சொக்லேட் என்ற சொல் அதற்கு ஒட்டிக்கொண்டதில் அவருக்குப் பெரிய பங்கு. நுவரெலியாவிலும் கண்டியிலும் அப்போது ஸ்டவுட்டைப் பீப்பாயிலிருந்து கைப்பம்பில் இழுத்து ஊற்றுவார்களாம், லண்டன் பழைய கடைகளில் மாதிரி. நம்ம நாட்டில் 2006ன் புகையிலை மதுசாரச் சட்டத்தோடு மது விளம்பரம் தடையாச்சு. அதனால் இந்த பியருக்கு வெளிநாட்டில் இருக்கிற புகழ் இங்கே நிறையப் பேருக்குத் தெரியாது.

அவரைப் போன்றவர்கள் தொடங்கிய வகைப் பிரிப்பில் இன்றைக்கு 'வெப்பமண்டல ஸ்டவுட்' என்று ஒரு வகை இருக்கு. அமெரிக்காவின் பியர் நடுவர் அமைப்பு அதற்கு உதாரணமாகச் சொல்கிற பியர்களில் நம்ம லயன் ஒன்று. மற்றவை எங்கேயிருந்து? ஜமைக்கா, டிரினிடாட், சிங்கப்பூர். இந்தப் பட்டியலைப் பார்த்தவுடனே எனக்குத் தெரிஞ்ச இன்னொரு வரைபடம் ஞாபகம் வந்துச்சு. ஜமைக்காவும் டிரினிடாடும் கரும்புத் தோட்டம், இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றின இடங்கள், சென்னையிலிருந்தும் கப்பல் போயிருக்கு. சிங்கப்பூருக்குப் பின்னால் மலாயா, ரப்பர்த் தோட்டம், நம்ம ஆட்கள். இலங்கை, கோப்பியும் தேயிலையும். இனிப்பான, வீரியம் கூடின கருப்பு பியர் உருவான ஊர்களும், கூலித் தமிழர் போய்ச் சேர்ந்த ஊர்களும் இவ்வளவு நெருக்கமா ஒன்றன்மேல் ஒன்று விழுது. ரெண்டையும் ஏற்றிப்போனது ஒரே சாம்ராச்சியத்தின் கப்பல்கள்தான், அதனால் இதில் மர்மம் ஒண்ணுமில்லை. ஆனா பியர்ப் புத்தகங்களில் முதல் வரைபடம் மட்டும்தான் இருக்கு.

மலாயாத் தோட்டங்களிலும் ஸ்டவுட் துரைக்கு, கள்ளுக்கடை தொழிலாளிக்கு. அங்கே கெடாவில் 1940களில் தொண்டர் படை என்ற தமிழ்த் தொழிலாளர் இயக்கம் கள்ளுக்கடைகளுக்கு எதிராக மறியல் செய்தது. 1947ல் அதைப் பொலிஸ் அடக்கியது. கள்ளுக்கடையை மூடச் சொன்னதற்கு அடி வாங்கியிருக்கிறார்கள். நம்ம பாடப்புத்தகத்தில் இது வராது, தேடிப் படியுங்க.

கடைக்கு நான் போகாத கதைக்கு வரேன். 1979ல் கொண்டுவந்த ஒரு மதுவரி அறிவித்தல்படி, இலங்கையில் தவறணைகளில் பெண்களுக்கு மது விற்கக் கூடாது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாளிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த மாற்றத்தைத் திரும்பப் பெறச் சொல்லிவிட்டார். சூப்பர் மார்க்கெட்டில் கொழும்புப் பெண்கள் வாங்குறதை யாரும் பெரிசா தடுக்கிறதில்லை. டவுனில் கம்பி வலை போட்ட வைன்ஸ்டோர் முன்னால் தோட்டத்துப் பொண்ணு ஒருத்தி போய் நின்னா என்ன நடக்கும் என்று நான் எழுதத் தேவையில்லை. சட்டத்துக்குப் பயந்ததை விட அந்த வரிசைக்குத்தான் பயந்தேன். குடியால் அதிகம் இழந்த பெண்களைப் பாதுகாக்க என்று சொல்லி வைத்த சட்டம், சம்பளத்தைப் புருஷன் கையில் கொடுக்கிறதைத் தடுக்கலை, பொண்ணு போத்தல் வாங்குறதைத்தான் தடுத்துச்சு.

நுவரெலியாவில் இப்போது ஸ்டவுட் காய்ச்சுறதில்லை. 1990களின் கடைசியில் உற்பத்தி பியகமவுக்கு, களனி கங்கைப் பக்கம் இறங்கிவிட்டது. குளிருக்காக மலையேறின ஆலைக்கு, குளிரூட்டும் இயந்திரம் வந்த பிறகு மலை தேவைப்படலை. 2016 மே வெள்ளத்தில் அந்த ஆலைக்குள் தண்ணி புகுந்து மாசக்கணக்கில் வேலை நின்றது. மலையிலேயே இருந்திருந்தா வெள்ளம் வந்திருக்காது என்று அண்ணா சொன்னார். அது என்னவோ உண்மைதான்.

கொழும்பில் தேயிலை ருசி பார்க்கிறவங்களுக்கும் ஒரு சொல்லகராதி இருக்கு. நல்ல தேயிலைக்கு அவங்க சொல்கிற பாராட்டுகளில் ஒன்று 'மோல்ட்டி', மோல்ட் வாசம் என்று அர்த்தம். பியரில் கோப்பியைத் தேடுறாங்க, தேயிலையில் பியரைத் தேடுறாங்க. அந்தத் தேயிலையை எடுத்தவங்களுக்கு வீட்டில் குடிக்கக் கிடைக்கிறது பெரும்பாலும் டஸ்ட். அதற்கும் அவங்க சொல் வைச்சிருக்காங்க: சாயம் இறங்குது, சாயம் இறங்கல, கடுப்பு, துவர்ப்பு, பழைய வாசம். நான் என் நோட்டில் எழுதிக்கிட்டு வரேன்.

உங்க வீட்டில் பழைய ஆட்கள் இருந்தா கேட்டுப் பாருங்க. தோட்டத்துக்குக் கிட்ட தவறணை எங்கே இருந்துச்சு, என்ன அளவில் ஊற்றினாங்க, கடன் எழுதினாங்களா, சம்பளத்தை யார் கையில் கொடுத்தாங்க. நுவரெலியா பழைய பியர் ஆலையில் மூட்டை இறக்கின, போத்தல் கழுவின யாராவது இருந்தா இன்னும் நல்லது. பேர் போட வேண்டாம், தோட்டத்தின் பேரும் வருஷமும் போதும். எழுதி அனுப்புங்க, இங்கேயே தொடர்ந்து போடலாம்.